தொப்பியில் வந்த மணல்

அந்த ஆற்றைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று விசில்காரர் நம்பினார். அவருடைய பஸ்ஸில் ஏறியவர்களும் நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் அவருடைய மனைவி.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் ஆபீஸில் அவருக்கு அந்தப் பெயர். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரே ஓர் அறை, ஒரு மேஜை, வெயில் பட்டு நீலமாகவே போய்விட்ட ஓர் ஆற்றுப் படம். வெளியே ஒரே ஒரு பஸ். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஆற்றங்கரையில் மூன்று கோயில் ஊர்களைக் காட்டி, ஞாயிறு ராத்திரிக்குள் ஆட்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற சின்னச் சுற்றுலா. முதல் ஊரில் கோயிலும் கடைத்தெருவும், இரண்டாவது ஊரில் படித்துறையும் குளியலும், மூன்றாவது ஊரில் சாயங்கால தரிசனமும் லாட்ஜும். விசில்காரர்தான் வழிகாட்டி. மைக்கைப் பிடித்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை வைத்திருப்பார். கேட்கிறவர்கள் கொட்டாவியை மறந்துவிடுவார்கள்.

ஆட்கள் தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஏறுகிற எல்லாருக்கும் ஒரு மஞ்சள் துணித் தொப்பி. முகமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, விரலை நீட்டித் தொப்பிகளை எண்ணுவார். "தொப்பி சரின்னா ஆள் சரி. எட்றா வண்டியை." இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை.

அந்தத் தொப்பிகளைத் தைப்பவள் அவர் மனைவி. தெருவில் அவளை மிஷினக்கா என்பார்கள். வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். அதன் காலடியில் எப்போதும் மஞ்சள் துணுக்குகள். தொப்பி தைப்பது மட்டுமில்லை, திங்கட்கிழமை மூட்டையாகத் திரும்பி வருகிற தொப்பிகளைத் துவைத்துத் தேய்த்து வைப்பதும் அவள்தான். துவைக்கும் முன் ஒவ்வொன்றையும் உள்புறம் வெளியே வரத் திருப்பித் தட்டுவாள். காய்ந்த பூவிதழ் விழும். கொண்டை ஊசி விழும். ஒரு முறை யாருடைய காதுமிஷின் பேட்டரியோ விழுந்தது. ஆற்றுப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவள், தொப்பியைத் தட்டித் தட்டியே அந்த ஊர்களைப் பற்றி என்னென்னவோ தெரிந்து வைத்திருந்தாள்.

அவளைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் மணல். மூட்டைக்கு நாலைந்து தொப்பியிலாவது தையல் மடிப்புக்குள் மணல் இருக்கும். உப்புப் போல நைசாக, வெளிச்சத்தில் காட்டினால் மினுக்கும்.

"என்னங்க, இந்த மணல் எங்கருந்து வருது?"

"அங்க மணலே கிடையாது. முழுக்கக் கருங்கல் படி."

"அப்ப இது என்ன?"

"ரோட்டுத் தூசியா இருக்கும்."

"ரோட்டுத் தூசி மினுக்குமா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அவள் விடுகிற ஆளா? "சரி, ஆத்துத் தண்ணி எப்படி இருக்கும்? அதையாவது சொல்லுங்க."

"தண்ணி மாதிரி இருக்கும்."

பஸ்ஸில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அரை மணி நேரம் ஆற்றின் அருமை பெருமையை அளக்கிற மனுஷன், வீட்டில் கொடுத்த பதில் இவ்வளவுதான். மிஷினக்கா மிஷினை வேகமாக மிதிப்பாள். அந்தச் சத்தத்திலிருந்து அவர் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொள்வார்.

உண்மை என்னவென்றால், அவருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. அது எப்படி என்று பின்னால் வரும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வாரம் கடைசி நேரத்தில் ஒரு சீட் காலியானது. "உங்க வீட்டம்மாவையே கூட்டிட்டுப் போங்களேன், சும்மாதானே போகுது" என்றார் முதலாளி. விசில்காரருக்குத் தர்மசங்கடம். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார்.

"நீ என் சம்சாரம்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன், நான் பாக்க அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"அதில்லம்மா. தெரிஞ்சா, டீ ஆறிப்போச்சு, ஃபேன் ஓடலைன்னு எல்லாக் குறையையும் உங்கிட்டதான் வந்து சொல்லுவாங்க. நான் வேலை பாக்க வேண்டாமா? அங்க நீ ஒரு பயணி. நான் உன்னை மேடம்னு கூப்பிடுவேன்."

"சரிங்க சார்" என்றாள் மிஷினக்கா. ஆற்றைப் பார்க்கக் கிடைக்கிறதென்றால் அவள் எந்தக் கண்டிஷனுக்கும் சரி சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை காலை. தான் தைத்த தொப்பியைத் தானே போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் விசில்காரர் மைக்கைத் தட்டினார். விதிமுறைகளைச் சொன்னார். போன்களையெல்லாம் குளிக்கும்போது தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். படித்துறையில் யாரும் படகு ஏறக் கூடாது, அக்கரையில் ஒன்றும் கிடையாது. முதல் விசிலுக்குத் தண்ணீரை விட்டு ஏற வேண்டும், இரண்டாவது விசிலுக்கு பஸ்ஸில் இருக்க வேண்டும். பிறகு, வழக்கமாக எல்லாரும் சிரிக்கிற இடம்.

"ஒரு நிமிஷம் லேட்டானாலும் பஸ் போயிடும். இந்த பஸ் யாருக்காகவும் நிக்காது. என் சம்சாரமே பின்னாடி ஓடி வந்தாலும் நிக்காது. அவளா இருந்தா டிரைவரை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓட்டச் சொல்லுவேன்."

பஸ் குலுங்கச் சிரித்தது. வருஷக்கணக்காக ஒரு எழுத்து மாறாமல் சொல்லி வருகிற ஜோக். கடைசி வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின்பக்கம் பார்த்தார். மிஷினக்கா சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்வையையே கொண்டுபோகவில்லை.

முதல் ஊரில் அவள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். கோயில் வாசலில் அவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது கூட்டத்துக்குள்ளிருந்து, "சார், இந்த வாசல் ஏன் ஆத்தைப் பாக்காம தெருவைப் பாத்து இருக்கு?" என்று கேட்டாள். "சார், வெள்ளம் வந்தா தண்ணி எது வரைக்கும் ஏறும்?" என்று கேட்டாள். பித்தளைக் கடை வாசலில் நின்று, "சார், இந்தச் சொம்பை எல்லாம் யார் செய்யறாங்க, இங்கயா, வெளியூர்லயா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் டூர்ல வராதுங்க மேடம்" என்றார் விசில்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"டூர்ல எதுதான் சார் வரும்?" என்று கேட்டார் ஒரு பேங்க் மேனேஜர். அவரும் ரிட்டயர்டு. கூட்டம் சிரித்தது. இந்த முறை விசில்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸுக்குத் திரும்பினால் மிஷினக்காவின் ஜன்னல் சீட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். "எனக்குக் காத்து வேணும்மா" என்றார். மிஷினக்கா உள்பக்கம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் டீச்சரின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி நீட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதற்காக வந்தாளோ அது டீச்சரின் தலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து போனது. கழுத்து வலித்தது. இரண்டாவது ஊர் வந்து, காற்று வாங்கிய டீச்சர் முதல் ஆளாக இறங்கியதும், மிஷினக்கா ஒரு காரியம் செய்தாள். பஸ்ஸில் சீட் பிடிக்க நம்மில் யாரும் செய்கிற காரியம்தான். கர்ச்சீப் போடலாம், துண்டு போடலாம். அவளிடம் இரண்டும் இல்லை. தன் துணிப்பையை ஜன்னல் சீட்டில் நிமிர்த்தி வைத்து, பை சரிந்துவிடாமல் இருக்க ஸ்வெட்டரை உள்ளே திணித்து, மேலே தன் மஞ்சள் தொப்பியை மாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த ஊரின் படித்துறை அகலமானது. மேலே தெரு, கீழே தண்ணீர், நடுவில் கருங்கல் படிகள். மேல்படியில் ஒரு கல் தூண். விசில்காரர் எப்போதும் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து, தெருவைப் பார்த்து நிற்பார். காலைச் சுற்றி எல்லாருடைய பைகள். தோளில் எல்லாருடைய போன்களும் போட்ட ஜோல்னாப் பை. திருடன் தெருப் பக்கமிருந்துதானே வருவான்? அதனால் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெருவையே பார்ப்பார். ஆறு அவருக்குப் பின்னால் இருக்கும். மைக்கில் பேசும்போதும் அப்படித்தான். ஆட்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் வாரா வாரம் ஆற்றுக்குப் போய், ஆற்றைப் பார்க்காமலே திரும்பி வந்துகொண்டிருந்தார். சேலையும் கையுமாக அலைகிற ஜவுளிக்கடைக்காரர் தன் வீட்டில் சேலையின் நிறம் கேட்டால் முழிப்பதில்லையா, அது போலத்தான்.

முதல் விசில் ஊதினார். கொஞ்ச நேரத்தில் ஈரத் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து பைகளையும் போன்களையும் வாங்கிக்கொண்டு போயின. இரண்டாவது விசில் ஊதினார். பஸ்ஸுக்குப் போய், டிரைவர் பக்கத்தில் நின்று விரலை நீட்டினார். சீட்டுக்கு மேல் தெரிந்த மஞ்சள் தொப்பிகளை எண்ணினார். பின்பக்க ஜன்னலோரத்தில் ஒரு தொப்பி அசையாமல் இருந்தது. அதை எண்ணும்போது மட்டும் விரல் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போனது. காலையில் சொன்ன ஜோக் இன்னும் உறுத்தியது.

"தொப்பி சரி. எட்றா வண்டியை."

அடுத்த ஊர் போகிற வரைக்கும் நீளமான சாலை. விசில்காரர் மைக்கைப் பிடித்தார். மூன்றாவது ஊரின் கதையை அன்றைக்கு அவர் சொன்னது போல் அதற்கு முன் சொன்னதில்லை. ஆற்றைப் பெண் கேட்டு வந்த மலையின் கதை. மலை கேட்டதற்கு ஆறு பதில் சொல்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்ட கதை. வழக்கமாக நாலு வரியில் முடிப்பதை அன்றைக்கு இழுத்து, இழைத்து, மலை எவ்வளவு வருத்தப்பட்டிருக்கும் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் பின்பக்க ஜன்னலோரத் தொப்பிக்காகத்தான். நேராகப் பார்க்கத் தைரியமில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். தொப்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். மனசு லேசானது.

லாட்ஜ் வாசலில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். தொப்பி இறங்கவில்லை.

"மேடம், இடம் வந்துடுச்சு" என்றார் விசில்காரர் படியிலிருந்தபடி. தொப்பி அசையவில்லை. இன்னும் கோபம்தான் போல என்று, உள்ளே ஏறி, யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அது சும்மா சிரிக்கிறதுக்குச் சொல்றதும்மா. எல்லாக் கைடும் சொல்றதுதான். மனசுல வெச்சுக்காத, எந்திரி." பக்கத்தில் போய்த் தோள் இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார். தொப்பி நழுவி அவர் காலில் விழுந்தது. பைக்குள்ளிருந்து ஸ்வெட்டரின் கை எட்டிப் பார்த்தது.

 அவளுடைய போனுக்கு அடித்தார். மணி எங்கேயோ பக்கத்திலேயே ஒலித்தது. அவருடைய தோளில் தொங்கிய ஜோல்னாப் பைக்குள்தான் ஒலித்தது. எல்லாரும் வாங்கிக்கொண்ட பிறகு அதில் ஒரே ஒரு போன் மிச்சம் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

கீழே இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் டிரைவர், "என்னண்ணே?" என்று ஓடி வந்தான்.

"ஒரு ஆளைக் காணோம்."

"எந்த ஆளு?" என்றார் பேங்க் மேனேஜர்.

"கேள்வியா கேட்டுட்டு வந்தாங்களே, அந்த அம்மா" என்றார் டீச்சர். "ஜன்னல் சண்டையில எம் மேல கோவிச்சுட்டு முன்னாடி போய் உக்காந்துட்டாங்கன்னு நெனச்சேன். பையும் தொப்பியும் சீட் பிடிச்சு வெச்சதுன்னு தொடாம இருந்தேன்."

"அவங்க பேர் என்ன சார்? யாராவது கூட வந்திருக்காங்களா? வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார் மேனேஜர்.

விசில்காரர் காலில் விழுந்த தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்குச் சொல்லியாச்சு" என்றார். "அவ என் சம்சாரம்."

யாரும் சிரிக்கவில்லை. காலையில் கேட்ட ஜோக் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசில்காரருக்கு ஆழமான தண்ணீர்தான் கண்முன் வந்து நின்றது. அவளுக்கு நீச்சல் தெரியாது. எவ்வளவு ஆழம் என்று அவருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் ‘டூர்ல வராது’ என்று சொல்லிவிட்டோமே என்று நினைக்க நினைக்கத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

பேங்க் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. அவங்க ஒருவேளை அக்கரைல இருப்பாங்க."

"எந்த அக்கரை?"

மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. படித்துறைக்கு எதிரே, ஆற்றின் நடுவில் பெரிய மணல் திட்டு இருக்கிறது. குளிக்கப் போகிற எல்லாரும் படகேறி அங்கேதான் போகிறார்கள். தண்ணீர் அங்கே முழங்கால் ஆழம்தான், நன்றாகக் குளிக்கலாம், குளித்துவிட்டுத் தொப்பியைத் தலைக்கு வைத்துக்கொண்டு மணலில் படுத்துக் கிடக்கலாம். முதல் விசில் கேட்டதும் படகுக்காரர் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார் விசில்காரர்.

"என் மச்சான் போன வருஷம் உங்க பஸ்லதான் வந்தான். அவன்தான் சொல்லி அனுப்பினான். கைடு முதுகைக் காட்டிட்டுத்தான் நிப்பாரு, கவலைப்படாம போ, இந்த டூர்லயே அதான் நல்ல இடம்னான்." மேனேஜர் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. "நாங்க திரும்பும்போது உங்க வீட்டம்மா அந்தக் கோடில குனிஞ்சு எதையோ பாத்துட்டு நடந்துட்டிருந்தாங்க. அடுத்த படகுல வருவாங்கன்னு விட்டுட்டோம். தப்பு எங்க மேலதான்."

மணல். வாரா வாரம் அவள் கேட்ட மணல். விசில்காரர் தொப்பியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. புதுத் தொப்பி.

"அண்ணே, வண்டியைத் திருப்பட்டுமா?" என்றான் டிரைவர்.

திருப்பினால் இவ்வளவு பேருக்கும் தரிசனம் போய்விடும். திருப்பச் சொல்லி வாய் வரைக்கும் வந்ததை அவர் முழுங்கினார். "வேண்டாம். நீ இவங்களைப் பாத்துக்க. நான் போறேன்." கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து ஒரு ஊது ஊதினார். மேனேஜர் உட்பட அத்தனை பேரும் தங்களையறியாமல் வரிசையில் நின்றார்கள்.

எதிர்ப்பக்கம் வந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார் விசில்காரர். யாருக்காகவும் நிற்காத பஸ்ஸில் பழகியவருக்கு, கை காட்டுகிற எல்லாருக்கும் நிற்கிற பஸ் வாய்த்தது. கைக்குழந்தைக்காரிக்கு நின்றது. ஏறிய பிறகு செருப்பை விட்டுவிட்டேன் என்று இறங்கி ஓடிய கிழவருக்கு, அவர் செருப்பைத் தேடி எடுத்து மாட்டி வருகிற வரைக்கும் நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் விசில்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஒருவரையும் அது விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் கவனித்தார்.

படித்துறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தன் கல் தூணைத் தாண்டி, முதல் முறையாகப் படிகளில் கீழே இறங்கினார். ஆறு அவர் முகத்துக்கு நேராக விரிந்து கிடந்தது. மைக்கில் ‘பரந்து விரிந்த’ என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். இவ்வளவு அகலம் என்று நினைக்கவில்லை. நடுவே வெள்ளையாக மணல் திட்டு.

கடைசிப் படியில் படகுக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். விசில்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மஞ்சத் தொப்பிக்காரரா? உங்க முதுகைத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். முகத்தை இப்பதான் பாக்கறேன்."

"ஒரு அம்மா..."

"இருக்காங்க, இருக்காங்க. ஏறுங்க."

போன உயிர் அங்கேதான் திரும்பி வந்தது. படகில் ஏறும்போது கால் தடுமாறி, படகுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துடுப்பு போட்டுக்கொண்டே படகுக்காரர் பேசினார். "விசில் ஊதினப்ப படகு நிறைஞ்சு போச்சு. அடுத்த நடையில அவங்களைக் கூட்டிட்டு வந்தேன். படியேறி ஓடினாங்க. அதுக்குள்ள வண்டி போயிடுச்சு. கொஞ்ச நேரம் அந்தத் தூணுகிட்ட நின்னாங்க. அழுதாங்கன்னு நெனைக்கறேன். அப்புறம் இறங்கி வந்து, திரும்பவும் அந்தத் திட்டுல விட்டுடுங்கன்னாங்க. காசு இல்லைன்னாங்க. யாரு கேட்டா?"

மணல் திட்டின் ஓரத்தில் மிஷினக்கா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. மடியில் மணலைக் குவித்து வைத்திருந்தாள். அவர் படகிலிருந்து இறங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்து வருவதை எழுந்திருக்காமல் பார்த்தாள்.

எதிரே வந்து நின்றார். என்னென்னவோ திட்ட நினைத்து வந்திருந்தார். "படித்துறையில நிக்க வேண்டியதுதானே" என்று மட்டும்தான் வந்தது.

"அங்க நின்னா கையைப் பிடிச்சு இழுத்துட்டு பஸ்ல ஏத்திடுவீங்க. இங்க இருந்தா நீங்க ஆத்தைத் தாண்டித்தான் வரணும்."

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது." அவள் குரல் லேசாக உடைந்தது. "வர்றீங்களா இல்லையான்னு பாக்கலாம்னுதான் உக்காந்திருந்தேன். பஸ் யாருக்காகவும் நிக்காதுன்னு சொன்னீங்களே."

"பஸ் நிக்கல" என்றார் விசில்காரர். "நான் இறங்கிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் விசில் இல்லாததைக் கவனித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"உன் பைக்கு ஒரு கதை சொன்னேன்" என்றார் பிறகு. "நல்லா சொன்னேன். நீதான்னு நெனச்சு."

"பை என்ன சொல்லுச்சு?"

"கேள்வியே கேக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்த மணலை ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். சாய்ந்த வெயிலில் அது மினுக்கியது. "ரோட்டுத் தூசி" என்றாள். அவர் அசடு வழியச் சிரித்தார்.

"குளிங்களேன்."

"நானா?"

"இத்தனை பேரைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நீங்க ஒரு தடவையாவது இறங்கியிருக்கீங்களா?"

கண்ணாடி, கைக்கடிகாரம், சட்டை எல்லாவற்றையும் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து அவற்றைக் காவல் காத்தாள். அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகச் சோதித்து இறங்கினார். முழங்காலுக்கு வந்தது. உட்கார்ந்து கழுத்து வரை முழுகினார். பிறகு தலையையும் முக்கி எடுத்தார்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மிஷினக்கா கரையிலிருந்து.

அவர் கையைத் தண்ணீருக்குள் மேலும் கீழும் கொண்டுபோய்ப் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்கிற மாதிரி யோசித்தார்.

"மேல வெதுவெதுன்னு இருக்கு. கீழ போகப் போகச் சில்லுனு இருக்கு. காலடியில மணல் நகருது, நிக்கவிடாம இழுக்குது. என்னமோ விரலைக் கடிக்குது."

"மீனு. பொடி மீனு. என்னையும் கடிச்சுது."

"வாயில பட்டா லேசா இரும்பு வாசனை அடிக்குது."

"அதான் தொப்பி காயும்போது அந்த வாசனை" என்றாள் அவள். பல நாள் கணக்கு ஒன்று நேரான நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அதற்கப்புறம் கேட்க ஆரம்பித்தாள். மணல் எங்கிருந்து அடித்துக்கொண்டு வருகிறது, மழைக்காலத்தில் இந்தத் திட்டு என்ன ஆகும், அந்தப் பக்கம் தெரிகிற புகை என்ன. எதற்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது, தெரியாது என்று தண்ணீரில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அது ஒன்றும் கஷ்டமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குரல் கொடுத்தார். "கடைசி நடை. வர்றீங்களா, கிளம்பட்டுமா?"

மிஷினக்கா சட்டையையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தாள். விசில்காரர் தண்ணீருக்குள்ளிருந்து கையை உயர்த்தி அவளை உட்காரச் சொன்னார்.

"கொஞ்சம் நிறுத்தி வைங்கண்ணே" என்றார் படகுக்காரரிடம். "என் சம்சாரம் இன்னும் பாத்து முடிக்கல."

படகுக்காரர் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.